'ப்ரவுட்': புகழ்ச்சியா, இகழ்ச்சியா?

கடைப் பையன் ஒருவன் வேறிடம் வேலைக்குப் போகிறான். முதலாளி அவனுக்கு நற்சான்றுக் கடிதம் எழுதுகிறார். பையன் யாரிடமும் கைநீட்டாதவன். அந்தத் தன்மானத்தைப் பாராட்ட எண்ணி, 'ஹி இஸ் எ ப்ரவுட் பாய்' என்று எழுதிவிடுகிறார் என வைத்துக்கொள்வோம். படிப்பவர் என்ன நினைப்பார்? 'தலைக்கனம் பிடித்தவன் போலும்' என்று கடிதத்தை மடித்து வைத்துவிடக்கூடும். நல்லெண்ணத்தோடு எழுதிய சொல்லே பையனின் பிழைப்பைக் கெடுத்துவிடும். ஆகவே இச்சொல்லின் இரு முகங்களையும் நாம் அறிந்திருத்தல் நலம்.

'ப்ரவுட்' பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். அங்கே அதற்கு வீரமுள்ளவன் என்று பொருள். அதன் வேரோ 'பயன்படுதல்' என்னும் பொருளுடைய லத்தீன் சொல். ஆங்கிலத்தில் அது பெருமிதத்தையும் குறிக்கும், செருக்கையும் குறிக்கும். நம் 'பெருமை'யும் அப்படித்தான். 'ஊருக்குப் பெருமை' என்றால் புகழ். 'பெருமையடிக்கிறான்' என்றால் பழி. 'கிப்ரு' என்னும் அரபுச் சொல்லையும் நாம் பெருமை என்றே பெயர்த்து வழங்குகிறோம்.

பிரித்தறிவது எப்படி? 'ப்ரவுட்' என்பதை அடுத்து 'ஆஃப்' வந்து, எதைப் பற்றிய பெருமை என்று காட்டினால் பெரும்பாலும் நல்ல பொருளே. 'வி ஆர் ப்ரவுட் ஆஃப் அவர் சன்' என்றால் மகனை எண்ணிப் பெருமிதம் கொள்கிறோம் என்பதாம். ஓர் ஆளுக்கு அடைமொழியாகத் தனித்து நின்றால் ஐயத்துக்கு இடமுண்டு.

பழியை மட்டுமே சுமக்கும் சொற்கள் வேறு உள்ளன. அவற்றையும் கடைக்குள்ளேயே காணலாம்.

வேலையை விட்டுக் கண்ணாடி முன் நின்று தன் அழகை ரசிப்பவன் 'வெய்ன்'. இதன் லத்தீன் மூலத்துக்கு வெறுமை என்று பொருள்.

'என்னைப்போல் கணக்கெழுத ஆளில்லை' என்று தன்னைத் தானே மெச்சுபவன் 'கன்சீட்டட்'.

ஏழை வாடிக்கையாளர் வந்தால் முகங்கொடுத்துப் பேசாத இறுமாப்புக்காரன் 'ஹாட்டி'. உயரத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்வழி வந்தது இது.

தவற்றைச் சுட்டிக்காட்டினால் 'கேட்க நீ யார்?' என்று பாய்பவன் 'ஆரகண்ட்'. தனக்கென உரிமை கோருதல் என்பது இதன் லத்தீன் வேர்.

நம் பையனுக்கு இவற்றுள் ஒன்றும் பொருந்தாது. அவனிடம் உள்ளது 'செல்ஃப் ரெஸ்பெக்ட்', அதாவது தன்மானம். அச்சொல்லும் நினைவுக்கு வராவிட்டால், நடந்ததை எழுதுவோம்: 'மூன்றாண்டுகள் கல்லாப்பெட்டி இவன் கையில் இருந்தது; ஒரு காசும் குறைந்ததில்லை.' இதைப் படித்து ஐயுறுவார் யார்?