தனிக்குரலில் பழம்பாடல்

கேள்வி: மூத்த பாடகர் ஒருவர் இசைக்குழுவின்றித் தனியே பழம்பாடல்களைப் பாடி வெளியிடும் தொகுப்புக்கு என்ன மதிப்பு? – வாசகர், கள்ளக்குறிச்சி

பதில்: அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் 1992இல் வெளியிட்ட ‘குட் அஸ் ஐ பீன் டு யூ’, 1993இல் வெளியிட்ட ‘வேர்ல்ட் கான் ராங்’ ஆகியவை தக்க சான்றுகள். ஐம்பது வயதைக் கடந்த அவர், சொந்தப் பாடல் ஒன்றும் சேர்க்காமல், மின்னிணைப்பற்ற கித்தாரையும் ஹார்மோனிகாவையும் மட்டும் துணைகொண்டு, நாட்டுப்பாடல்களையும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் துயரிசையான புளூஸையும் பாடியபோது, தேய்ந்த குரலே அப்பாடல்களின் முதுமைக்குப் பொருந்தி நின்றது. இவ்விரு தொகுப்புகளுள் பின்னதே மேலானது. எப்பாடலை யார் வழியாகப் பெற்றார் என்பதை அதன் உறைக்குறிப்பில் டிலனே விரிவாக எழுதியிருப்பது பெருஞ்சிறப்பு. மரபு நாட்டாரிசைக்கான கிராமி விருதும் அதற்குக் கிடைத்தது. அவ்வாறே, உங்கள் பகுதியின் கல்வராயன் மலைவாழ் மலையாளிப் பழங்குடியினரின் பாடல்களைப் பதிவுசெய்வோரும் பாடியவர் பெயரையும் ஊரையும் தவறாது குறித்துவைக்க வேண்டும்.