திரைக்கேற்ற இணையப்பக்கம்

பேருந்து நிறுத்தத்தில் காத்திருக்கும் ஒருவர், மருந்தகத்தில் முன்பதிவு செய்வதற்காகத் தம் திறன்பேசியில் ஓர் இணையப்பக்கத்தைத் திறக்கிறார். எழுத்துகள் எறும்புகளைப் போல் தெரிகின்றன. பெரிதாக்கினால் வரியின் பாதி திரைக்கு வெளியே போய்விடுகிறது. ‘அனுப்புக’ எனும் பொத்தானையும் காணவில்லை. அவர் சலிப்படைந்து பக்கத்தை மூடிவிடுகிறார். அப்பக்கத்தில் தவறான தகவல் எதுவுமில்லை. ஆயினும், அது அவருக்குப் பயன்படவில்லை.

இதற்குக் காரணம் என்ன? பல ஆண்டுகளாக இணையப்பக்கங்கள் மேசைக் கணினிக்காகவே வடிவமைக்கப்பட்டன. அச்சிட்ட தாளைப் போல அவற்றுக்கும் நிலையான அகலம் வகுக்கப்பட்டது. திரையின் அளவைப் பிக்சல் எனும் சிறு புள்ளிகளால் கணக்கிடுவர். 960 பிக்சல் அகலம் அக்காலத்தில் பரவலாக இருந்தது. 2007ஆம் ஆண்டு வெளிவந்த ஐஃபோனின் திரையோ 320 பிக்சல் அகலமே கொண்டது. அதனால், அதன் உலாவி பக்கத்தை 980 பிக்சல் அகலத்தில் அமைத்து, பிறகு சுருக்கிக் காட்டியது. சில நிறுவனங்கள் கைப்பேசிக்கெனத் தனிப்பக்கம் உருவாக்கின. ஆனால், ஒரு பக்கத்தில் திருத்திய தகவலை மற்றொன்றில் திருத்த மறந்தால், இரண்டும் முரண்பட்டன.

2010ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்க வடிவமைப்பாளர் ஈதன் மார்காட் ஒரு கட்டுரையில் வேறொரு வழியைக் காட்டினார். உள்ளிருப்போருக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் கட்டடங்களைப் பற்றிய சிந்தனை அவரைக் கவர்ந்திருந்தது. இணையப்பக்கமும் அவ்வாறே திரைக்கேற்ப மாறலாமே என்று அவர் கருதினார். அதற்காக மூன்று உத்திகளை அவர் ஒன்றிணைத்தார்.

முதலாவது, அகலத்தை விழுக்காட்டில் குறிப்பது. 960 பிக்சல் பக்கத்தில் 240 பிக்சல் கொண்ட பக்கப்பட்டியை 25 விழுக்காடு எனக் குறித்தால், திரை சுருங்கும்போது அதுவும் சுருங்கும். இரண்டாவது, படம் தனக்குரிய இடத்தைவிட அகலமாகாதபடி தடுப்பது. எனினும், 360 பிக்சல் திரையில் 25 விழுக்காடு என்பது 90 பிக்சல்தான். அவ்வளவு குறுகிய இடத்தில் வரிகளைப் படிப்பது கடினம். இங்கே மூன்றாவது உத்தி கைகொடுக்கிறது. ‘திரை 600 பிக்சலுக்குக் குறைவாக இருந்தால், பக்கப்பட்டியைக் கீழே கொண்டுவா’ என்பது போன்ற நிபந்தனையை வடிவமைப்பாளர் முன்கூட்டியே எழுதிவைக்கிறார். இவற்றுடன், திறன்பேசியின் உண்மையான அகலத்தையே பயன்படுத்துமாறு உலாவிக்குச் சொல்லும் ஒரு வரியும் தேவை. அவ்வரி இல்லாவிட்டால் பக்கம் மீண்டும் சுருங்கியே தோன்றும்.

தமிழ்ப் பக்கங்களுக்கு இன்னொரு சவால் உண்டு. தமிழில் விகுதிகளும் வேற்றுமை உருபுகளும் சொல்லோடு சேர்ந்தே வரும். ‘விண்ணப்பதாரர்களுக்கு’ என்னும் ஒரே சொல் சிறிய திரையின் பெரும்பகுதியை நிரப்பிவிடும். ஆங்கிலச் சொல் அடங்கிய பொத்தானில் அதன் தமிழாக்கம் அடங்காமல் போகலாம். எனவே, பல மொழிகளில் வெளியாகும் பக்கத்தை ஒவ்வொரு மொழியிலும் சிறிய திரையில் சோதித்துப் பார்ப்பது அவசியம்.

இம்முறையால் திறன்பேசி வைத்திருப்போர் மட்டும் பயனடைவதில்லை. பார்வைக் குறையுடைய ஒருவர் 1280 பிக்சல் அகலமுள்ள கணினித் திரையில் எழுத்தை நான்கு மடங்கு பெரிதாக்கினால், பக்கத்திற்குக் கிடைப்பது 320 பிக்சல் அகலமே. 2018ஆம் ஆண்டு உலகளாவிய வலைக் கூட்டமைப்பு வெளியிட்ட அணுகல் வழிகாட்டி இதைக் கருத்தில் கொண்டது. வரைபடம், அட்டவணை போன்றவை தவிர, மற்றவற்றை அந்த அகலத்திலும் பக்கவாட்டில் நகர்த்தாமல் படிக்க இயல வேண்டும் என்று அது வலியுறுத்துகிறது.

எல்லாரிடமும் பெரிய திரை இருப்பதில்லை. எல்லாருடைய பார்வையும் ஒன்றுபோல் இருப்பதில்லை. பேருந்து நிறுத்தத்தில் நிற்பவரும் தம் வேலையை முடித்துக்கொண்டு நிம்மதியாகப் பேருந்தில் ஏற முடிந்தால்தான், ஓர் இணையப்பக்கம் முழுமை பெற்றதாகக் கொள்ளலாம்.