நோவைச் சொல்ல இயலாத குழந்தை

நள்ளிரவில் ஒரு குழந்தை அழுதால், பெற்றோர் முதலில் கேட்பது "எங்கே வலிக்கிறது?" என்பதேயாகும். இக்கேள்விக்கு விடை கூற இயலாத குழந்தைகளும் நம் ஊர்களில் உள்ளனர். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுள் பலர் அத்தகையோர். அவர்களுக்குத் திடீரென உடல்நலக் கேடு நேருங்கால் பெற்றோரும் ஊராட்சியும் செய்ய வேண்டுவன யாவை என்பதை இங்கு ஆராய்வோம்.

ஆட்டிசம் யாது?

மதியிறுக்கம் என்றும் வழங்கும் இந்நிலையை 1943 ஆம் ஆண்டில் லியோ கானர் என்னும் மருத்துவர் அமெரிக்காவில் விரித்துரைத்தார். தாயின் அன்புக் குறைவால் இது வருகிறது என்று பின்னர் சிலர் கூறினர். அக்கருத்து முற்றிலும் தவறு. இது மூளை வளர்ச்சியில் அமைந்த வேறுபாடு. சாபமும் அன்று, தொற்றுநோயும் அன்று. உலகில் ஏறத்தாழ 127 பேரில் ஒருவருக்கு இந்நிலை உண்டென்பது 2021 ஆம் ஆண்டைப் பற்றிய உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

இக்குழந்தைகளுள் சிலர் பேசுவதில்லை. சிலர் பேசினும் தம் உடலின் நோவைச் சொல்லில் வடிக்க அறியார். ஓசை, வெளிச்சம், பிறர் தொடுதல் ஆகியவை சிலருக்குத் தாங்கொணாத் துன்பம் தரும்.

நோவின் அடையாளங்கள்

வாயால் சொல்லாத நோவைக் குழந்தையின் நடத்தை சொல்லும். காதில் நோவுள்ள குழந்தை காதை அறைந்துகொள்ளலாம். பல்லில் நோவுள்ளது துணியைக் கடிக்கலாம். வயிற்றில் நோவுள்ளது திண்ணை விளிம்பில் வயிற்றை அழுத்திக் கிடக்கலாம். சில குழந்தைகள் கடுமையான நோவையும் வெளிக்காட்டாமல் ஒடுங்கிவிடும்.

"இவன் எப்போதும் இப்படித்தான், பிடிவாதம்" என்று இவற்றை ஒதுக்கிவிடுவதே பெரும் அபாயம். குடல்வால் அழற்சி போன்ற நோய்களில் இத்தகைய காலதாமதம் உயிருக்கே கேடாக முடியும். ஆகவே, வழக்கத்திற்கு மாறான நடத்தை திடீரெனத் தோன்றினால், முதலில் உடல் நோயையே ஐயுறுதல் வேண்டும். தலை முதல் கால் வரை உடலைச் சோதித்து, காயமோ வீக்கமோ கடிவாயோ உண்டா எனப் பார்த்தல் வேண்டும். தொடர்ந்த வாந்தி, மூச்சுத் திணறல், நீரும் அருந்தாமை, சிறுநீர் கழியாமை, எழுப்பியும் விழியாத மயக்கம் ஆகியவை காணின் விடியும்வரை காத்திருத்தல் ஆகாது.

வலிப்பு வந்தால்

ஆட்டிசம் உள்ளோரிடையே வலிப்பு நோய் ஏனையோரைவிட மிகுதி. சிலருக்குச் சிறு வயதிலும், சிலருக்குப் பருவமடையும் காலத்திலும் அது தொடங்கும். அப்போது செய்ய வேண்டுவன வருமாறு:

1. வலிப்பு தொடங்கிய நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்துக்கொள்க.

2. அடுப்பு, கல், கட்டில் முனை முதலியவற்றினின்று குழந்தையை விலக்கி, தலைக்கடியில் மடித்த துணியை வைக்க. கழுத்துத் துணியைத் தளர்த்துக.

3. எச்சில் வெளியே வழியுமாறு ஒருக்களித்துப் படுக்க வைக்க.

4. கை கால்களை அழுத்திப் பிடித்தல் கூடாது. வாயில் கரண்டியோ விரலோ நுழைத்தல் கூடாது. முழுவதும் தெளியும்வரை நீரும் மருந்தும் வாய்வழி புகட்டலாகாது.

5. கையில் இரும்புச் சாவியைக் கொடுப்பதால் வலிப்பு நிற்பதில்லை. பெரும்பாலான வலிப்புகள் சில நிமிடங்களில் தாமே அடங்குகின்றன. சாவி நிறுத்தியது போல் தோன்றுவது அதனாலேயே.

வலிப்பு 5 நிமிடத்திற்கு மேல் நீடித்தாலும், தெளியுமுன் மீண்டும் வந்தாலும், முதன்முறையாக வந்திருந்தாலும், அடிபட்டிருந்தாலும் உடனே 108 எண்ணை அழைத்தல் வேண்டும். தமிழ்நாட்டில் 2008 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இவ்வூர்தி வசதிக்குக் கட்டணம் இல்லை.

முன்னேற்பாடே பெருந்துணை

பதற்றத்தில் தாய்க்கும் சொல் எழாது. ஆதலின் நலமாயுள்ள நாளிலேயே ஒரு தாளில் சில செய்திகளை எழுதி, குடும்ப அட்டையோடு வைத்தல் நலம். பெயர், வயது, எடை, உண்ணும் மருந்துகளும் அளவும், ஒவ்வாத மருந்துகள், குழந்தை நோவைக் காட்டும் விதம், அது அஞ்சுபவை, அதனை அமைதிப்படுத்துபவை, பெற்றோரின் தொலைபேசி எண் ஆகியன அத்தாளில் இருக்கட்டும். பேசாத குழந்தையாயினும் பிறர் பேசுவது அதற்கு விளங்கக்கூடும் என்பதையும் எழுதுக.

துணை சுகாதார நிலையத்திற்கு நோயில்லாத நாளில் குழந்தையை அழைத்துச் சென்று, செவிலியரையும் கருவிகளையும் பழக்கப்படுத்தலாம். மருத்துவமனையில் ஒருவர் மட்டும் குறுகிய சொற்களில் பேசுக. ஊசி போடுமுன் செய்யப்போவதைத் தாயின் கையில் காட்டுக. குழந்தை விரும்பும் பொருள் ஒன்று உடன் இருக்கட்டும். சூழ்ந்து நிற்கும் கூட்டம் விலகினாலே பாதித் துன்பம் நீங்கும்.

ஊராட்சியின் கடமை

2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் ஆட்டிசத்தையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. மருத்துவமனையில் கவனிப்பிலும் சிகிச்சையிலும் இவர்களுக்கு முன்னுரிமை கிடைக்க ஆவன செய்யும் பொறுப்பை அரசுக்கு மட்டுமன்றி உள்ளாட்சி மன்றங்களுக்கும் அச்சட்டம் அளிக்கிறது. ஊராட்சியும் அவற்றுள் ஒன்று. ஆகவே வரிசையில் காத்திருக்க இயலாத குழந்தைக்காக முன்னுரிமை கேட்பது சலுகை வேண்டுதல் அன்று, உரிமை.

தம் வார்டில் இத்தகைய குழந்தைகள் எவரெவர் என்பதைப் பெற்றோர் இசைவுடன் உறுப்பினர் அறிந்திருத்தல் வேண்டும். இரவில் வாகனம் உடையவர் யார், ஊர்தி வீட்டு வாயில்வரை வரப் பாதை உண்டா, இல்லையேல் எவ்விடத்தில் நின்று வழிகாட்டுவது என்பவற்றை முன்கூட்டியே முடிவு செய்யலாம். இதற்குப் பெருநிதி தேவையில்லை. கிராம சபையில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, செவிலியரைக் கொண்டு வலிப்பின் முதலுதவியைச் செய்து காட்டச் செய்தாலும் போதும்.

நோவைச் சொல்ல இயலாத குழந்தைக்காக நோவை அறியும் கண்கள் ஊரில் பல இருத்தல் வேண்டும். தாயின் இரு கண்கள் மட்டும் இரவும் பகலும் விழித்திருக்க இயலாது. வரும் கிராம சபையிலேயே இப்பணியைத் தொடங்குவோமாக.