வீட்டு மீன் தொட்டியில் நீரோட்டமும் குழாயின் விட்டமும்

1850-ஆம் ஆண்டில் இலண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்னும் ரசாயன நிபுணர், கண்ணாடித் தொட்டி ஒன்றில் பொன்மீன் இரண்டையும், வாலிஸ்நேரியா என்னும் நீர்ப்பூண்டையும், சில நத்தைகளையும் இட்டு, நீரை மாற்றாமலே அவை உயிர் வாழக்கூடும் என்பதை விளக்கினார். அத்தொட்டிக்குக் குழாயும் இல்லை, பம்பும் இல்லை. ஆயின், இன்று வீடுகளில் வைக்கப்படும் தொட்டிகளில் பெரும்பாலும் மீன்கள் மிகுதி, பூண்டுகள் குறைவு. மீன்களின் கழிவிலிருந்து தோன்றும் அம்மோனியாவை மாற்றி அமைக்கும் பாக்டீரியாக்கள் வடிகட்டியில் வாழ்கின்றன. அவற்றுக்கும் பிராணவாயு தேவை. நம் நாட்டு வெப்பம் இத்தேவையை மேலும் கடுமையாக்குகிறது. 20 டிகிரி சென்டிகிரேடில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவைக் கரைத்து வைத்திருக்கும். 30 டிகிரியிலோ ஏழரை மில்லிகிராம் அளவே கரையும். இரவில் பூண்டுகளும் பிராணவாயுவை உட்கொள்வதால், நீரோட்டம் தளர்ந்த தொட்டியில் விடியற்காலையில் மீன்கள் மேற்பரப்பில் வாய் பிளந்து நிற்பதைக் காணலாம். இதற்குப் பம்பின் மீதே பழி கூறுவது வழக்கம். பல இடங்களில் உண்மைக் குற்றவாளி குழாயே ஆகும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 90 செ.மீ. நீளமும், 45 செ.மீ. அகலமும், 45 செ.மீ. உயரமும் கொண்ட தொட்டியில், விளிம்பு வரை நிரப்பாமல் விட்டால், சுமார் 160 லிட்டர் நீர் நிற்கும். மணிக்கு ஐந்து முறை அந்நீர் வடிகட்டியின் வழியே சென்று மீள வேண்டுமெனில், மணிக்கு 800 லிட்டர் ஓட்டம் தேவை. வடிகட்டி, தொட்டியின் அடியில் தனியே ஒரு கீழ்த் தொட்டியில் உள்ளது. அங்கிருந்து பம்பு நீரை 1 மீட்டர் உயரம் ஏற்ற வேண்டும் எனக் கொள்வோம்.

குழாயில் நீர் செல்லும்போது உராய்வினால் அழுத்தம் விரயமாகிறது. மெல்லிய குழல்களில் அமைதியாகச் செல்லும் ஓட்டத்தை ஆராய்ந்த பிரெஞ்சு மருத்துவர் புவாஸேய், ஓட்டத்தின் அளவு உள்விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்று கண்டார். இவ்விதியை மீன் தொட்டிக் குழாய்களுக்கும் அப்படியே பொருத்துவோர் உண்டு, அது சரியன்று. 1883-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ், கண்ணாடிக் குழாயில் ஓடும் நீரினுள் சாயத்தை இழைபோலச் செலுத்தி, வேகம் ஓர் எல்லையைக் கடந்ததும் அவ்விழை சிதறிச் சுழல்வதைக் காட்டினார். 20 மி.மீ. குழாயில் அவ்வெல்லை, வினாடிக்கு 10 செ.மீ. அளவிலேயே வந்துவிடுகிறது. நம் உதாரணத்தில் அதே குழாயில் வேகம் வினாடிக்கு 70 செ.மீ. ஆகவே இது சுழலோட்டமே. சுழலோட்டத்தில், ஒரே அளவு நீரைச் செலுத்த விரயமாகும் அழுத்தம், விட்டம் குறையக் குறைய ஏறத்தாழ ஐந்தாம் அடுக்கில் பெருகுகிறது.

மணிக்கு 800 லிட்டருக்குக் கணக்கிட்டால், வழவழப்பான பிளாஸ்டிக் குழாயின் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் ஏற்படும் விரயம், நீர் உயரத்தில் கூறின், உள்விட்டம் 12 மி.மீ. ஆனால் 40 செ.மீ.; 16 மி.மீ. ஆனால் 10 செ.மீ.; 20 மி.மீ. ஆனால் மூன்றரை செ.மீ.; 25 மி.மீ. ஆனால் ஒரு செ.மீட்டருக்குச் சற்று அதிகம். இத்துடன் வளைவுகளையும் சேர்க்க வேண்டும். எல்போ ஒவ்வொன்றும், தன் விட்டத்தைப் போல் சுமார் 30 மடங்கு நீளமுள்ள நேர்க்குழாய்க்குச் சமமான தடையை விளைவிக்கும். குழாயின் நீளம் 2 மீட்டர், எல்போக்கள் மூன்று எனக் கொண்டால், 12 மி.மீ. குழாயில் விரயம் ஏறத்தாழ 1.2 மீட்டர். அதாவது, நீரை உண்மையில் ஏற்றும் உயரத்தைக் காட்டிலும் உராய்வை வெல்வதற்கே பம்பு மிகுதியாக உழைக்கிறது! 20 மி.மீ. குழாயில் இவ்விரயம் 14 செ.மீ. அளவே. 25 மி.மீட்டருக்குச் சென்றால் மேலும் 8 செ.மீ. மட்டுமே மிச்சமாகும், அதற்காக அதிகப் பணம் செலவிடுவது அவசியமில்லை.

பம்பின் பெட்டியில் அச்சிடப்பட்டுள்ள லிட்டர் கணக்கு, உயரம் ஏதுமின்றிக் கிடைக்கும் ஓட்டத்தைக் குறிப்பதாகும். அதே பெட்டியில் காணப்படும் அதிகபட்ச உயரத்தில் ஓட்டம் முற்றிலும் நின்றுவிடும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வரைகோட்டைப் பார்த்தே பம்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கடையில் மற்றொரு குழப்பம் காத்திருக்கிறது. கெட்டியான பி.வி.சி. குழாயின் மீது குறிக்கப்படும் அளவு வெளிவிட்டமாகும். ஆனால் வளையும் பிளாஸ்டிக் குழல்கள் பெரும்பாலும் உள்விட்டத்தால் விற்கப்படுகின்றன. ஆகையால் 20 மி.மீ. உள்விட்டம் வேண்டுவோர், முக்கால் அங்குலம் எனக் கடைக்காரர் கூறும் 25 மி.மீ. பி.வி.சி. குழாயைக் கேட்டு வாங்குதல் வேண்டும். வாயில் ஓர் அளவுகோலை வைத்துப் பார்ப்பது உத்தமம். பித்தளை இணைப்புகளைத் தவிர்க்கவும். அவற்றிலிருந்து கரையும் செம்பு நத்தைகளுக்கும் இறாலுக்கும் நஞ்சாகும். மேலும், மாதக்கணக்கில் உட்சுவரில் படியும் வழும்பினால் 20 மி.மீ. குழாய் 18 மி.மீ. ஆகச் சுருங்கினால், அதே ஓட்டத்துக்கு உராய்வு ஒன்றரை மடங்குக்கும் மேலாகிவிடும்.

மேல் தொட்டியிலிருந்து கீழே நீர் இறங்கும் வடிகுழாய்க்குப் பம்பின் உதவி கிடையாது. நீரின் எடை ஒன்றே அதை இயக்குகிறது. ஆதலின் அதன் விட்டம் ஏற்று குழாயைப் போல் இரு மடங்கு இருத்தல் நலம். 40 மி.மீ. வடிகுழாயின் வாய்க்கு மேல் ஒரு செ.மீ. உயரத்துக்கு நீர் நின்றாலே 800 லிட்டரும் இறங்கிவிடும். குறுகிய குழாயிலோ காற்றும் நீரும் மாறி மாறிப் புகுந்து, 'களக் களக்' என்ற ஓசையுடன் நீர்மட்டம் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். அதன் வாயை ஓர் இலையோ நத்தையோ அடைத்தால், கீழ்த் தொட்டியின் நீரெல்லாம் மேலேறி அறையில் கொட்டும். எனவே வாயில் வலைக்கூடு பொருத்த வேண்டும். வடிகுழாயில் வால்வு வைக்கவே கூடாது. ஓட்டத்தைக் குறைக்க விரும்பினால், வால்வை ஏற்று குழாயில் வைக்கலாம்.

மின்தடையின்போது நேர்வது இதற்கு நேர்மாறானது. பம்பு நின்றதும் ஏற்று குழாய் சைபனாக மாறி, மேல் தொட்டி நீரைக் கீழே இழுக்கத் தொடங்கும். குழாயின் முனை நீர்மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே இருப்பின், நம் தொட்டியில் 40 லிட்டர் நீர் இறங்கிய பின்னரே அது நிற்கும். கீழ்த் தொட்டியில் அவ்வளவு இடம் காலியாக இல்லையெனில், மிகுதி நீர் தரையில் பாயும். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் 5 மி.மீ. துளை ஒன்று இட்டால், மட்டம் துளைக்கு இறங்கியதும் காற்று உட்புகுந்து சைபன் அறுந்துவிடும். அத்துளை பாசியால் அடைபடாதிருக்க வாரந்தோறும் ஈர்க்குச்சியால் குத்திவிட வேண்டும்.