கண்ணுக்குப் புலனாகாக் கதிர்

விருதுநகர் மாவட்டத்தில் ஆனைக்குட்டம் என்னும் ஊரருகே அர்ச்சுனா நதியின் குறுக்கே ஓர் அணை உள்ளது. நீர்த்தேக்கத்தில் நீர் எம்மட்டத்தில் நிற்கின்றது என்பதை அளவுகோலைக் கண்டு எளிதிற் கூறிவிடலாம். ஆனால், கடும் வெப்பமும் புழுதியும் நிறைந்த ஒரு மூடிய கலத்தினுள் பொருள் எவ்வளவு உள்ளது என்பதை எங்ஙனம் அறிவது? அதனுள் கோலை நாட்டவும் இயலாது. எட்டிப் பார்க்கவும் இயலாது. சிமெண்டு ஆலைகளிலும் உருக்காலைகளிலும் எழும் இவ்வினாவிற்குக் கதிரியக்க அளவுகருவி விடை தருகின்றது.

கலத்தின் ஒரு புறத்தே ஈயத்தாலும் உருக்காலும் ஆகிய தடித்த உறையினுள் சீசியம்-137 போன்ற கதிரியக்கப் பொருள் வைக்கப்படும். மறுபுறத்தே கதிரை உணரும் கருவி இருக்கும். இடையே பொருள் நிறைந்தால் கதிர் தடைப்பட்டுக் குறையும். அக்குறைவே மட்டத்தைக் காட்டும். சீசியத்தின் கதிரியக்கம் பாதியாகக் குறைவதற்கு ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஆகும். ஆகவே, ஆலையே மூடப்பட்டாலும் உறையினுள் இருக்கும் பொருள் ஓய்வதில்லை.

இவ்விடரினின்று தொழிலாளரைக் காக்கும் நெறிகள் மூன்று. கதிருக்கு அருகில் இருக்கும் காலத்தைக் குறைத்தல், தொலைவைக் கூட்டுதல், தடுப்பை அமைத்தல். தொலைவு இருமடங்கானால் கதிரின் தாக்கம் நான்கில் ஒன்றாகும். மும்மடங்கானால் ஒன்பதில் ஒன்றாகும். பழுது பார்க்கக் கலத்தினுள் இறங்குமுன் கதிர் வெளிவரும் வாயிலை மூடிப் பூட்டுதல் வேண்டும். பூட்டியபின்னும் கதிர் கசியவில்லை என்பதைக் கருவியால் அளந்தறிதல் வேண்டும். தொழிலாளர் மார்பில் அணியும் சிறு அட்டை அவர் ஏற்ற கதிரின் அளவைக் காட்டும். அவ்வளவு ஐந்தாண்டுகளில் 100 மில்லிசீவர்ட்டுக்கும், எந்த ஓராண்டிலும் 30 மில்லிசீவர்ட்டுக்கும் மிகலாகாது என்பது நம் நாட்டின் விதி.

சிவகாசி வட்டார மக்களுக்கு இந்நெறிகள் புதியன அல்ல. பட்டாசு ஆலைகளில் அறைகளுக்கிடையே இடைவெளி வேண்டும் என்பதும், ஓர் அறையில் குறித்த தொகையினரே பணிபுரிய வேண்டும் என்பதும் விதிகளே. 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தீயின் கொடுமையை அப்பகுதியினர் கண்ணாற் கண்டவர்கள். புகை எழும்; ஒலி கேட்கும்; ஓடவும் ஒருகால் நேரம் கிடைக்கும். கதிருக்கோ நிறமில்லை, மணமில்லை, ஒலியுமில்லை. உடலைத் துளைக்கும்போதும் அது வலியை உணர்த்துவதில்லை. நோய் வெளிப்படும்போதுதான் தீங்கு தெரியவரும்.

தில்லியில் நிகழ்ந்ததொன்று இதற்குச் சான்று. தில்லிப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் பல்லாண்டு பயனற்றுக் கிடந்த காமாக் கதிர்க் கருவி ஒன்று 2010-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பழைய பொருள்களோடு ஏலத்தில் விற்கப்பட்டது. அதனுள் கோபால்ட்டு-60 இருந்தது. மாயாபுரிப் பழைய இரும்புச் சந்தையில் அதனைப் பிரித்தவர்களுக்கு அது இன்னதென்று தெரியாது. ஏப்ரலில் பலர் நோயுற்று மருத்துவமனை சேர்ந்தனர், ஒருவர் உயிரிழந்தார். அஃது அளவுகருவியன்று, ஆயினும், அது புகட்டும் பாடம் அளவுகருவிக்கும் பொருந்தும். அங்கே தவறியது கருவியன்று; கணக்கு.

ஆதலின், கதிரியக்கப் பொருளை வைத்திருப்போர் 1983-இல் நிறுவப்பெற்ற அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் இசைவைப் பெறுதல் வேண்டும். ஒவ்வொரு கருவியும் எங்குளது என்பதைப் பதிவேட்டில் குறித்து வருதல் வேண்டும். பயன் முடிந்த பின் அதனைப் பழைய இரும்போடு விற்றலாகாது. வாரியம் ஏற்கும் முறையில் உரிய இடத்தில் ஒப்படைத்தல் வேண்டும். மஞ்சள் நிறத்தின்மீது மூன்று இதழ்கள் கொண்ட எச்சரிக்கைக் குறி பொறித்த பெட்டி எங்கேனும் கிடந்தால், அதனைத் தொடாது விலகி நின்று, பிறரையும் விலக்கிக் காவல் துறைக்கு அறிவித்தல் ஒவ்வொருவர் கடமையாகும்.

காணும் இடருக்குக் கண் காவல். காணா இடருக்குக் கருவியும் கணக்கும் கட்டுப்பாடுமே காவல்.