ஐயர்மலைக்கு அம்மாவை அழைத்துப் போகிறவளுக்கு

தங்கச்சி, கார்த்திகை சோமவாரத்தில் அம்மாவை ஐயர்மலைக்கு அழைத்துப் போகலாமா என்று கேட்டாய். கட்டாயம் அழைத்துப் போ. சோமவாரத்தில் மட்டும் வேண்டாம். கார்த்திகைத் திங்கட்கிழமைகளில்தான் அந்த மலையில் கூட்டம் நெரியும். அதே மாதத்தில் ஒரு புதனோ வியாழனோ போனால் அம்மாவுக்கு மாதமும் கிடைக்கும், சுவாமியை நின்று பார்க்கவும் முடியும். பௌர்ணமி, பிரதோஷம், பள்ளி விடுமுறை ஞாயிறு ஆகியவற்றையும் காலண்டரில் அடித்துவிடு. தைப்பூசத்தில் மலையில் கூட்டம் இல்லாவிட்டாலும் வழியில் மாட்டிக்கொள்வாய். அன்றைக்கு எட்டு ஊர் சுவாமிகள் குளித்தலைக் கடம்பர் கோயிலில் சந்திப்பார்கள், ஊரே காவிரிக்கரையில் நிற்கும்.

நம் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண்களுக்கு மலை பழக்கமில்லை. வாழ்நாள் முழுக்க வரப்பிலும் சமதரையிலும் நடந்த கால்கள். சுவாமிமலைகூடக் கட்டுமலைதான், தமிழ் வருஷங்களின் கணக்கில் அறுபது படி. அந்த அறுபதையே அம்மா இப்போது உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறுகிறாள். ஐயர்மலை ரத்தினகிரீசுவரருக்கு 1017 படி. முழங்கால் போனபின் அடிவாரத்தில் நின்று கையெடுத்துவிட்டுத் திரும்பிய எத்தனையோ அம்மாக்களுக்கு, 2024 ஜூலையில் ஓட ஆரம்பித்த ரோப் கார் பெரிய வரம். வேலை பல வருஷம் இழுத்தது, ஆனாலும் வந்துவிட்டது. அதை நம் அம்மா அனுபவிக்க வேண்டும் என்பது எனக்கும் ஆசை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பழனியையும் இதையும் ஒன்றாக நினைத்துக்கொள்ளாதே. பழனியில் 1966-லேயே விஞ்ச் வந்துவிட்டது, இப்போது மூன்று ஓடுகின்றன. 2004-இல் ரோப் காரும் சேர்ந்தது. காற்று பலமாக அடித்து ரோப் காரை நிறுத்தினாலும் தண்டவாளத்தில் ஓடும் விஞ்ச் இருக்கும். அதற்கும் வரிசை நீண்டால் சரிவாகப் போகும் யானைப்பாதை இருக்கிறது. ஐயர்மலை சின்ன மலை. கூட்டம் குறைவு என்பது நமக்கு லாபம். ஆனால் ஒரே ஒரு ரோப் கார். அது நின்றால் மிச்சம் இருப்பது 1017 படிதான். சோளிங்கர் நரசிம்மர் மலையிலும் இதே நிலைமை, அங்கே 1305 படி. சின்ன மலைக்குப் போகிறவள் இந்த ஒன்றை மனசில் வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் திட்டம் போட வேண்டும்.

முதல் வேலை, புறப்படுவதற்கு முந்தின நாள் கோயில் அலுவலகத்துக்குப் போன் போட்டு, ரோப் கார் நாளைக்கு ஓடுமா, முதல் நடை எத்தனை மணிக்கு, மதியம் எப்போது நிறுத்துவார்கள் என்று மூன்றையும் கேள். பராமரிப்பு வேலைக்காக நிறுத்தும் நாட்கள் எல்லா ரோப் காருக்கும் உண்டு. பழனியிலேயே வருஷத்துக்கு ஒருமுறை ஏறக்குறைய ஒரு மாதம் நிறுத்திவிடுவார்கள். நூறு கிலோமீட்டர் போய் அறிவிப்புப் பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்புவது அம்மா வயசுக்கு நல்லதில்லை.

ஆனி, ஆடியில் அம்மாவோடு போகவே வேண்டாம் என்பது என் முடிவு. தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து கோயம்புத்தூர், கரூர் தாண்டித் திருச்சி வரைக்கும் வீசும் மாதங்கள் அவை. ஐயர்மலை ரோப் கார் தொடங்கியதும் ஆடி மாதத்தில்தான். தொடங்கிய மறுநாளே பலத்த காற்றில் பெட்டி நடுவழியில் நின்று, பெண்கள் சிலர் அந்தரத்தில் காத்திருக்க வேண்டி வந்தது. பயமுறுத்தச் சொல்லவில்லை. காற்று அடிக்கும்போது நிறுத்துவதுதான் சரி. ஊழியர் "கொஞ்சம் பொறுங்கம்மா" என்றால் அவரிடம் சண்டை பிடிக்காதே, கூட வருகிறவர்களையும் பிடிக்க விடாதே. சித்திரை, வைகாசியையும் தவிர்த்துவிடு. கரூர் பரமத்தி பெயர் வெயில் செய்தியில் அடிக்கடி முதலில் வருவதைப் பார்த்திருப்பாயே, அந்தச் சூடுதான் இந்தப் பாறைக்கும். கார்த்திகை முதல் மாசி வரை நல்ல காலம். மழை நாள் மட்டும் பார்த்துக்கொள்.

இனி நேரம். அந்தப் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும்: காலையில் குளித்தலைக் கடம்பர், மத்தியானம் ஐயர்மலைச் சொக்கர், அந்தியில் ஆற்றுக்கு அக்கரையில் ஈங்கோய்நாதர். மூன்றையும் ஒரே நாளில் தரிசிப்பது விசேஷம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த வழக்கத்தால்தான் கடம்பரை முடித்துவிட்டு வருகிற வேன் எல்லாம் பதினொரு மணிக்கு மேல் ஐயர்மலை அடிவாரத்தில் சேர்ந்து நிற்கும். ரோப் கார் வரிசை நீள்வதும் அப்போதுதான், பாறை கொதிக்க ஆரம்பிப்பதும் அப்போதுதான். ஆகவே நீ முதலில் மலைக்குப் போ. தஞ்சாவூரில் ஐந்து மணிக்குள் வண்டியை எடுத்தால், திருச்சியில் ஆபீஸ் நெரிசல் தொடங்குமுன் தாண்டிவிடலாம். அப்புறம் பெருகமணி, பெட்டவாய்த்தலை என்று காவிரியை ஒட்டிய வாழைத்தோட்டச் சாலை, அம்மாவுக்கு அது பிடிக்கும். குளித்தலையில் மணப்பாறை ரோட்டில் திரும்ப வேண்டும். முதல் நடைக்கு அரை மணி முன்னால் அங்கே இருந்தால் போதும்.

அம்மா முறை தவறுகிறதே என்று முகம் வாடுவாள். மலையிலிருந்து இறங்கி நேரே கடம்பர் கோயிலுக்கு, உச்சிக்கால நடை சாத்துமுன் அழைத்துப் போய்விடுவோம் என்று முதலிலேயே சொல்லிவை. சமதரைக் கோயில், வடக்குப் பார்த்த சுவாமி, எதிரே காவிரி. ஈங்கோய்மலையை இந்தத் தடவை கேட்காதே. அங்கே படி ஏறித்தான் ஆக வேண்டும். இக்கரையிலிருந்தே கும்பிட்டால் போதும்.

வண்டி நிறுத்துவதில் ஒரே விஷயம்: அம்மாவை ரோப் கார் டிக்கெட் கவுண்டர் அருகே இறக்கி, கூட ஒருவரை நிற்கவைத்த பிறகுதான் டிரைவர் இடம் தேடப் போக வேண்டும். எல்லோரும் சேர்ந்து பார்க்கிங் வரை போய், அங்கிருந்து வெறுங்காலோடு அம்மா திரும்பி நடப்பதுதான் முதல் களைப்பு. வண்டியின் முகத்தை ரோட்டைப் பார்த்து நிறுத்தச் சொல். மதியம் வேன்கள் வந்து அடைத்தபின் திருப்பி எடுப்பது பெரும்பாடு. கோயில் வாசலுக்கும் தேர் ஓடும் வீதிக்கும் பக்கத்தில் இடம் காலியாகக் கிடந்தால் ஆசைப்படாதே, காலியாக இருப்பதற்குக் காரணம் இருக்கும். தப்பித் தவறி கூட்ட நாளில் போக நேர்ந்தால் காரைக் குளித்தலை ஊருக்குள்ளேயே விட்டுவிட்டு, பஸ்ஸிலோ ஆட்டோவிலோ மலைக்குப் போ.

டிக்கெட் வாங்கும்போதே, இறங்குவதற்கும் அதுவே செல்லுமா, கடைசி நடை எப்போது என்று கேட்டுக்கொள். ஏறுகிற ஆசையில் இதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். முழங்கால் வலிக்காரர்களுக்கு 1017 படி இறங்குவது ஏறுவதைவிடக் கொடுமை, முழு எடையும் மூட்டில்தான் விழும். அதனால் மேலே போனதும் அபிஷேகம், அர்ச்சனை என்று நேரத்தை ஓட்டாமல், மதிய இடைவேளைக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே கீழே வரும் வரிசையில் நில்.

பெட்டியில் ஏறும்போது ஊழியர் சொன்ன பிறகுதான் அம்மா காலை வைக்க வேண்டும். நீ முதலில் ஏறி உள்ளிருந்து கை கொடு, உன் வீட்டுக்காரர் பின்னால் நிற்கட்டும். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகச் சொல். மேலே போய்ச் சேர்ந்ததும் சுவாமி எதிரே இறக்கிவிடுவார்கள் என்று நினைக்காதே, நடையும் சில படியும் இருக்கும் என்று அம்மாவைத் தயார் செய். பூ, பழத்தைத் துணிப்பைக்குள் மூடி வை. பிளாஸ்டிக் பை சரசரத்தால் குரங்கு வந்துவிடும்.

போய்ச் சேர்ந்த பிறகு ரோப் கார் ஓடவில்லை என்றால், "மெதுவா ஏறிடுவேன்" என்று அம்மா கட்டாயம் சொல்வாள். கேட்காதே. அடிவாரத்தில் கற்பூரம் ஏற்றிவிட்டு, கடம்பரைப் பார்த்து, ஆற்றங்கரையில் புளியோதரையும் தயிர்சாதமும் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். மாசியில் இன்னொரு நாள் பார்த்துப் போகலாம், அப்போது நானும் வருகிறேன். அம்மாவின் பிரஷர் மாத்திரையும் தண்ணீர் பாட்டிலும் உன் கையிலேயே மேலே வரட்டும், காரில் வைத்துவிடாதே.