அச்சு மூட்டு: வீட்டிலா, பட்டறையிலா?

மாட்டுவண்டியில் அச்சு சுழலாது. சக்கரமே அதைச் சுற்றி உருளும். தேய்மானத்தைத் தடுக்க வண்டிமையும், சக்கரம் கழலாதிருக்கக் கடையாணியும் உண்டு. அச்சைத் தெலுங்கில் 'இருசு' என்பர். அச்சொல் தமிழிலும் உண்டு என்பதை அறிவீர்களா?

1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 போன்ற கார்களில் முன் அச்சே சுழன்று சக்கரத்தை உருட்டுகிறது. கார் திரும்புகையில் அது சுழன்றபடியே வளையவும் வேண்டும். அதற்காகவே சக்கரத்தருகே ஒரு மூட்டு. உள்ளே எஃகுக் குண்டுகளும் கிரீஸும், வெளியே மடிப்புடைய ரப்பர் உறையும் இருக்கும்.

உறை கிழிந்தால் கிரீஸ் வெளியேறும்; புழுதி உட்புகும்; குண்டுகள் தேயும். வண்டியை முழுதாகத் திருப்பும்போது 'டக் டக்' என ஒலித்தால் தேய்மானம் முற்றிவிட்டது எனலாம். பிறகு கிரீஸ் அடைத்துப் பயனில்லை.

கார்வேட்டிநகரத்தில் வீட்டு வாசலிலேயே மூட்டை மாற்றினால் கூலி மிச்சம் என்பர் சிலர். உறை கிழிந்துள்ளதா, சக்கரத்தின் உட்புறம் கிரீஸ் தெறித்துள்ளதா என்று பார்ப்பது வீட்டுவேலை. அதை நீங்களும் செய்யலாம். கழற்றுவது பட்டறைக்கு உரியது. அச்சின் பெரிய நட்டை உரிய அளவில் முறுக்க டார்க் ரெஞ்ச் வேண்டும். ஜாக்கி சரிந்தால் உயிர் போகும். அதை மட்டும் நம்பிக் காரின் அடியில் எவரும் புகலாகாது. நம் எலும்பு முறிந்தால் நாமே இழுத்துக் கட்டுவதில்லையே! அதற்கெனப் பலர் பக்கத்துப் புத்தூரை நாடி வருகின்றனர்.

பயிற்சி

1. மாட்டுவண்டி அச்சுக்கும் கார் முன் அச்சுக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. பிரித்து எழுதுக: கடையாணி, உட்புறம்.
3. உங்கள் வீட்டு வண்டியின் உறுப்புகள் ஐந்தனைத் தமிழிலும் தெலுங்கிலும் எழுதுக.